மெட்டுக்குப் போகிறவர்களின் ஊர்

கம்பம் நகராட்சியில் 68,090 பேர் இருப்பதாக 2011 மக்கள்தொகைக் கணக்கு சொல்கிறது. அந்தக் கணக்கை எடுத்த ஆசிரியர்களில் நானும் ஒருத்தி. எண்ணில் தப்பு இருக்காது. ஆனால் காலை பத்து மணிக்கு எங்கள் தெருக்களில் நடந்து பார்க்கிற யாரும் அந்த எண்ணை நம்பமாட்டார்கள். எனக்கு ஒதுக்கிய பகுதியில் வரிசையாக வீடுகள் பூட்டிக் கிடந்தன. திண்ணையில் உட்கார்ந்து பேரப்பிள்ளைக்குக் காவல் இருக்கும் கிழவிகளைக் கேட்டால் ஒரே பதில்தான். "மெட்டுக்குப் போயிருக்காக டீச்சர். பொழுதடையத்தான் வருவாக." மெட்டு என்றால் எங்கள் பேச்சில் மலைமேல் இருக்கும் தோட்டங்கள்.

பொழுதடைந்து போனேன். ஜீப்பிலிருந்து இறங்கி, காலில் ஒட்டியிருந்த மண்ணைக்கூடக் கழுவாமல் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்த பெண்களிடம் அடுப்படியிலேயே உட்கார்ந்து கேட்டு எழுதினேன். அந்த முறை படிவத்தில் புதிதாக ஒரு கேள்வி சேர்த்திருந்தார்கள்: வேலைக்குப் போகும் இடம் எவ்வளவு தூரம், எதில் போகிறீர்கள்? தூரம் கேட்டால் எந்தப் பெண்ணுக்கும் கிலோமீட்டர் தெரியவில்லை. "கொண்டை ஊசி வளைவெல்லாம் ஏறி, செக்போஸ்ட் தாண்டி, இன்னும் ஒரு மணி நேரம்" என்றார் ஒருவர். அது இன்னொரு மாநிலம் என்று குறிக்க அந்தக் கட்டத்தில் இடம் இல்லை.

தேனியிலிருந்து கூடலூர் வரை நீளும் இந்தப் பள்ளத்தாக்கைப் பற்றி எழுதுகிறவர்கள் திராட்சை, நெல், முல்லையாற்றுத் தண்ணீர் என்று பசுமையாகத்தான் எழுதுவார்கள். எனக்கு அதில் சண்டை இல்லை. இருபோக நெல் விளையும் பூமிதான் இது. ஆனால் இங்குள்ள ஊர்கள் நிலத்தை மட்டும் நம்பி வளரவில்லை. வந்து தங்கிப் போகிறவர்களையும், போய்த் தங்கி வருகிறவர்களையும் வைத்து வளர்ந்த ஊர்கள் இவை. மேற்கே மலைச்சுவர். அதில் போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி என்று மூன்று வாசல். வாசலில் இருக்கும் வீட்டில் யார் நிலையாக உட்கார்ந்திருக்க முடியும்?

பூர்வகுடி என்று மார்தட்டுவதும் இங்கே கொஞ்சம் சிரமம். பொங்கல் சமயம் கம்பத்தில் நந்தகோபாலன் தம்பிரான் மாட்டுத் தொழுவில் கூட்டம் அலைமோதும். அந்தத் தொழுவைப் பேணும் சமூகத்தார் வீட்டுக்குள் கன்னடம் பேசுகிறவர்கள். மாடுகளை ஓட்டிக்கொண்டு வடக்கிலிருந்து வந்த கதையைத் தங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்ப்பவர்கள். தெலுங்கு பேசும் வீடுகள் உண்டு. வணிகத்தில் ஊன்றி, உத்தமபாளையத்தில் 1956-இல் கல்லூரியே கட்டிய ராவுத்தர்கள் உண்டு. எல்லோரும் ஏதோ ஒரு காலத்தில் மூட்டையோடு வந்து இறங்கியவர்கள்தாம். யார் முந்தி வந்தது என்பதில்தான் பெருமை.

பெருங்கூட்டமாக வெளியாட்கள் வந்து இறங்கியது முல்லைப் பெரியாறு அணை கட்டும்போது. 1886 அக்டோபர் 29-இல் திருவிதாங்கூர் அரசும் சென்னை மாகாண அரசும் 999 வருடக் குத்தகை எழுதிக்கொண்டன. மறு வருடம் வேலை தொடங்கியது. அன்றைக்கு ரயில் வந்து நின்றது அம்மையநாயக்கனூரில். இப்போதைய கொடைக்கானல் ரோடு ஸ்டேஷன். அங்கே இறக்கிய இரும்பும் இயந்திரமும் மாட்டுவண்டிகளில் பள்ளத்தாக்கு முழுவதையும் கடந்து கூடலூர் வந்து சேர வேண்டும். பிறகு மலையேற்றம். அணை வேலை நடந்த இடத்தில் ஊர் என்று எதுவும் கிடையாது. காடு, யானை, காட்டாறு. மதராஸ் பயனியர்ஸ் படையின் முதல், நான்காம் பட்டாளத்துச் சிப்பாய்கள் வந்தார்கள். கொச்சியிலிருந்து போர்த்துகீசியத் தச்சர்கள் வந்தார்கள். அவர்களோடு எங்கள் பக்கத்துக் கூலியாட்கள். இத்தனை பேரும் வருடம் முழுக்க மேலே இருக்கவும் முடியாது. மலேரியா கடுமையாகும் மாதங்களில் வேலை நின்றுவிடும், சனம் கீழே இறங்கிவிடும், காய்ச்சல் தணிந்ததும் மறுபடியும் ஏறும். இப்படி ஏறி இறங்கி ஏறி இறங்கித்தான் அணை எழுந்தது. 1895 அக்டோபரில் சென்னை ஆளுநர் வென்லாக் பிரபு வந்து தண்ணீர் திறந்துவிட்டார்.

இதையெல்லாம் வேலையில் இருந்த பொறியாளர் ஏ.டி. மெக்கன்சி ஒரு புத்தகமாக எழுதி 1899-இல் வெளியிட்டார். சாராயத்தின் மருத்துவ குணம் மட்டும் இல்லாவிட்டால் இந்த அணை முடிந்தே இருக்காது என்கிற பொருளில் அதில் ஒரு இடம் வரும். மழையிலும் பனியிலும் இடுப்பளவு தண்ணீரில் நின்ற மனிதர்களுக்கு வேறு மருந்து என்ன கொடுத்தார்கள் என்று எனக்குக் கேட்கத் தோன்றும். நோயில் இறந்ததாகக் கணக்கில் ஏறியவர்கள் மட்டும் 483 பேர். அணைக்கு வடக்கே அவர்களைப் புதைத்தார்கள்.

அணையைக் கட்டிய பொறியாளர் கர்னல் பென்னிகுயிக் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. எங்கள் வீட்டிலும் அவர் படம் போட்ட காலண்டர் தொங்குகிறது. பாலார்பட்டிக்காரர்கள் அவர் பிறந்தநாளான ஜனவரி 15-இல் அவருக்குப் பொங்கல் வைக்கிறார்கள். லோயர் கேம்பில் 2013-இல் மணிமண்டபம் வந்தது. தேனிப் பேருந்து நிலையத்துக்கும் அவர் பெயர்தான். வெளியூர்க்காரர் ஒருவரை இவ்வளவு மனதாரச் சொந்தமாக்கிக்கொண்ட சனம் வேறெங்கும் இருக்குமா என்பது சந்தேகம். அதே சனத்துக்கு அந்த 483 பேரில் ஒரு பெயர்கூடத் தெரியாது. கர்னல் சீமைக்குத் திரும்பிப் போனார். நம் நினைவில் தங்கிவிட்டார். மேலேயே தங்கிப் போனவர்கள் நம் நினைவில் இல்லை.

லோயர் கேம்ப் என்ற ஊரே அணை கட்டிய காலத்து முகாமின் மிச்சம். முகாம் கலைந்தது, பெயர் கலையவில்லை. 1950-களில் நீர்மின் நிலையம் கட்ட மறுபடியும் ஒரு கூட்டம் அங்கே வந்து குடியேறியது. 1958-இல் முதல் இயந்திரம் ஓடத் தொடங்கியது. அங்கே குடியிருப்புகளில் இருந்து பள்ளிக்கு வந்த பிள்ளைகள் எந்த ஊர் என்று கேட்டால் ஒரு நொடி யோசிப்பார்கள். அப்பாவுக்கு அடுத்த மாற்றல் எந்த அணைக்கு என்பதுதான் அவர்களுக்கு ஊர்.

வடக்கே போடியில் கதை கொஞ்சம் வேறு. அங்கே முதலில் சரக்கு வந்தது, பிறகு ஆள் வந்தது. மூணாறு தேயிலையை வெளியே கொண்டுபோக அந்தக் காலத்தில் மலையாளக் கரைப் பக்கம் வசதி இல்லை. கிழக்கே எங்கள் பக்கம் இறக்குவதுதான் சுலபம். 1902-இல் குண்டளைப் பள்ளத்தாக்கில் ஒற்றைத் தண்டவாள வண்டி ஓடியது, காளைகள் இழுத்தன. 1908-இல் அதை எடுத்துவிட்டுச் சின்ன ரயில் போட்டார்கள். அது டாப் ஸ்டேஷன் வரை தேயிலைப் பெட்டிகளைக் கொண்டுவரும். அங்கிருந்து கம்பி வடத்தில் தொங்கிக்கொண்டு பெட்டிகள் கொட்டகுடிக்கு இறங்கும். பிறகு வண்டி கட்டிப் போடிக்கு. திரும்பிப் போகும்போது அதே வழியில் மேலே அரிசியும் சாமானும் போகும். 1924 வெள்ளம் அந்த ரயிலை அடித்துக்கொண்டு போய்விட்டது. இன்றைக்கு டாப் ஸ்டேஷனில் ரயிலும் இல்லை, ஸ்டேஷனும் இல்லை. மதுரையிலிருந்து போடிக்கு ரயில் 1928-இல் வந்தது. உலகப்போரில் தண்டவாளத்தைப் பெயர்த்து எடுத்துப் போனார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு மறுபடியும் போட்டார்கள். 2010 கடைசியில் அகலப்பாதை வேலைக்காக நிறுத்தினார்கள். போடிக்கு வண்டி திரும்பி வந்தது 2023 ஜூனில். எங்கள் பக்கத்தில் தண்டவாளம்கூட நிரந்தரக் குடியில்லை.

ஆனால் தேயிலையைவிட எங்கள் ஊர்களை உருவாக்கியது ஏலக்காய். மலைமேல் உடும்பன்சோலை, வண்டன்மேடு, நெடுங்கண்டம் பக்கம் காட்டு மர நிழலில் ஏலத்தோட்டங்கள். முதலாளிகளில் பலர் போடி, கம்பம்காரர்கள். கூலியாட்கள் பள்ளத்தாக்கின் எல்லா ஊர்களிலிருந்தும்.

என் அம்மா தேவாரத்துக்காரர். அவர் காலத்தில் ஜீப் கிடையாது. தேவாரத்திலிருந்து சாக்கலூத்து மெட்டு வழியாக ஒற்றையடிப் பாதையில் ஏற வேண்டும். கோம்பைக்காரர்களுக்கு ராமக்கல் மெட்டு, குரங்கணிக்காரர்களுக்குச் சென்ட்ரல் ஸ்டேஷன் பாதை. தலையில் அரிசி, மிளகாய், கருவாடு கட்டிய மூட்டை. இடுப்பில் முடிந்தால் ஒரு பிள்ளை. கங்காணி முன்பணம் கொடுத்துக் கூட்டிப் போவார். அந்த முன்பணம் ஊரில் இருக்கும் பழைய கடனுக்குப் போய்விடும். மேலே லயத்தில் ஒரு அறைக்கு இரண்டு மூன்று குடும்பம். காய் எடுப்பு ஆடிக்குப் பக்கமாகத் தொடங்கித் தை வரைக்கும் போகும். செடிக்குச் செடி ஒரே தடவையில் எடுத்து முடிக்க முடியாது. பழுத்த காயை மட்டும் பார்த்து எடுத்துவிட்டு, ஒன்றரை மாதம் கழித்து அதே செடிக்குத் திரும்ப வர வேண்டும். காய் தரையோடு ஒட்டிப் படர்ந்த சரத்தில் இருக்கும். ஈர மண்ணில் குத்துக்காலிட்டு நகர்ந்து நகர்ந்து எடுக்க வேண்டும். தலைக்குமேல் மழைக்குக் கொங்காணி, காலில் அட்டை. அட்டைக்குப் புகையிலையும் உப்பும் கட்டிய துணி. எடுத்த காய் அன்றைக்கே ஸ்டோருக்குப் போய் உலர வேண்டும், இல்லாவிட்டால் பச்சை நிறம் போய்விடும். விலை அந்தப் பச்சைக்குத்தான்.

நான் அம்மாச்சி வீட்டில் வளர்ந்தேன். தைப்பொங்கலுக்கும் சித்திரையில் வீரபாண்டித் திருவிழாவுக்கும் அம்மா இறங்கி வருவார். அவர் சேலையில் ஏலக்காய் வாசம் இருக்கும். அந்த வாசம் வெளியூர்க்காரர்களுக்குப் பாயசத்தை நினைவுபடுத்தும்; எங்களுக்கு அது யாரோ ஊருக்கு வந்திருக்கிறார்கள் என்பதன் அறிகுறி.

ரோடும் ஜீப்பும் வந்த பிறகு, எண்பதுகளிலிருந்து, மாதக்கணக்கில் தங்குவது குறைந்து அன்றாடம் போய்வருவது பெருகியது. பெண்கள் மூன்று மணிக்கு எழுந்து சோறாக்கித் தூக்குவாளியில் கட்டிக்கொண்டு ஐந்து மணிக்கெல்லாம் ரோட்டில் நிற்பார்கள். கூடலூர், கம்பம், உத்தமபாளையம், தேவாரம், போடி எல்லா ஊரிலும் இதே காட்சி. டீக்கடைகள் அந்த நேரத்துக்குத்தான் அடுப்பு மூட்டும். ஜீப் டிரைவர்தான் இன்றைய கங்காணி. எந்தத் தோட்டத்தில் எத்தனை ஆள் வேண்டும் என்பது அவருக்குத் தெரியும், எந்தத் தெருவில் எந்தப் பெண் இன்று சும்மா இருக்கிறார் என்பதும் தெரியும். பத்துப் பேர் ஏற வேண்டிய வண்டியில் அதைப்போல இரண்டு மடங்கு ஏறுகிறார்கள். ஜீப் கவிழ்ந்தது என்ற செய்தி மலைப்பாதையிலிருந்து வராத வருடம் இல்லை. ஒரு வாரம் சோதனை நடக்கும். அடுத்த வாரம் வண்டி பழையபடி நிரம்பும். டிரைவரை மட்டும் திட்டிப் பயனில்லை; ஐந்து மணிக்கு அந்தத் தோட்ட வாசலுக்குப் போக வேறு வண்டி எது இருக்கிறது?

ஊர் இந்தப் பெண்களிடம் நடந்துகொண்ட விதம் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். அவர்கள் கொண்டுவரும் கூலியில்தான் மளிகைக்கடை ஓடுகிறது, நகைக்கடை ஓடுகிறது, சீட்டு ஓடுகிறது. ஆனாலும் கல்யாணப் பேச்சு என்று வந்தால் "மெட்டுக்குப் போற வீடா?" என்று உதட்டைச் சுழிப்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். வீட்டில் இருப்பதே கௌரவம் என்று நினைக்கும் ஊருக்கு, வெளியே போய்ச் சம்பாதிப்பவளின் காசு மட்டும் இனிக்கும். இதை இதமாகச் சொல்ல எனக்கு விருப்பம் இல்லை.

1956 நவம்பர் 1-க்கு முன்பும் மலை வேறு அரசாங்கத்தின் கீழ்தான் இருந்தது. ஆனால் மொழிவாரி மாநிலம் பிரிந்தபோதுதான் அது உறைத்தது. தமிழர் நிறைந்த தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு நின்றன. வேலைக்குப் போனவர்கள் அன்றிலிருந்து வெளிமாநிலத்தார். மேலே இருந்த மலையாளிகளும் அந்த மண்ணில் பிறந்தவர்கள் என்று சொல்லிவிட முடியாது. திருவிதாங்கூர்-கொச்சி முதல்வர் பட்டம் தாணுப் பிள்ளை ஆட்சியில் 1955-இல் கல்லாறு பக்கம் உருவான பட்டம் காலனி போல, சமவெளியிலிருந்து அரசே கொண்டுவந்து குடியமர்த்திய குடும்பங்கள் ஏராளம். ஆக மேலேயும் வந்தவர்கள், கீழேயும் வந்தவர்கள். நடுவில் ஒரு செக்போஸ்ட்.

அந்த மலைக்குக் கூலியாட்கள் மட்டும் ஏறவில்லை, பாட்டும் ஏறியது. 1958-இல் தேவிகுளம் சட்டமன்ற இடைத்தேர்தலில் கம்யூனிஸ்ட் வேட்பாளர் ரோசம்மா புன்னூஸுக்காகத் தமிழ்த் தொழிலாளர்களிடம் வாக்குக் கேட்கப் பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராஜன் போனார். லயம் லயமாகப் பாடினார். ரோசம்மா வென்றார். பாவலரோடு பிறகு மேடைகளில் பாடித் திரிந்த தம்பியைத்தான் உலகம் இளையராஜா என்று அறியும். தங்கி வேலை செய்கிறவர்களுக்கும் ஓட்டு உண்டு, அவர்களுக்கு அவர்கள் மொழியில் பாட ஆள் வேண்டும் என்று அன்றைக்கு ஒரு கட்சிக்குத் தெரிந்திருந்தது.

2011 டிசம்பரில் கேரளத்தோடு முல்லைப் பெரியாறு அணைப் பிரச்சினை வெடித்தது. கம்பத்திலிருந்தும் கூடலூரிலிருந்தும் ஆயிரக்கணக்கில் சனம் குமுளி எல்லையை நோக்கி நடந்தது. போக்குவரத்து நின்றது, தடை உத்தரவு வந்தது. அது ஐயப்ப சீசன் வேறு. மாலை போட்டவர்களும் நடுவழியில் மாட்டிக்கொண்டார்கள். மேலே தோட்டங்களில் இருந்த தமிழ்க் குடும்பங்கள் பயந்துபோய்ச் சாமான்களை விட்டுவிட்டு, அம்மா ஏறிய அதே காட்டுப்பாதைகளில் இறங்கி வந்தன. அரையாண்டுத் தேர்வு நேரம். பள்ளிக்குப் புதுப் பிள்ளைகள் வந்து நின்றார்கள். மாற்றுச் சான்றிதழ் கிடையாது, புத்தகம் கிடையாது, சிலருக்குச் செருப்பும் கிடையாது. "டீச்சரே" என்று மலையாள வாடையில் கூப்பிட்ட அந்தக் குழந்தைகளை, கல்வி உரிமைச் சட்டம் வந்திருந்ததால், சான்றிதழ் கேட்காமல் சேர்த்துக்கொள்ள முடிந்தது. பொங்கல் கழிந்து நிலைமை தணிந்ததும் பாதிப் பேர் வந்த மாதிரியே போய்விட்டார்கள். பதிவேட்டில் "நீண்ட நாள் வராதவர்" என்று எழுதச் சொல்லி விதி. நான் "மெட்டு" என்று பென்சிலில் எழுதி வைத்தேன். ஆய்வுக்கு வந்த அதிகாரி என்ன இது என்று கேட்டார். சொன்னேன். அவரும் தேனிப் பக்கத்துக்காரர்தான். ஒன்றும் சொல்லாமல் கையெழுத்துப் போட்டார்.

2020 மார்ச்சில் எல்லை மறுபடியும் மூடியது. இம்முறை சண்டை இல்லை, கொரோனா. காலை ஐந்து மணிக்கு ரோட்டில் ஆளே இல்லாத கம்பத்தை நான் முதன்முறையாகப் பார்த்தது அப்போதுதான். ஊர் முழுவதும் வீட்டில் இருந்தது. ஊரில் காசு இல்லை.

இப்போது மேலே தோட்டங்களில் மத்தியப் பிரதேசம், ஜார்க்கண்ட், அசாம் ஆட்கள் வந்துவிட்டார்கள். குடும்பத்தோடு லயத்தில் தங்குகிறார்கள், என் அம்மா தங்கியதைப் போல. நம் பெண்களுக்கு அதில் கோபம் உண்டு. கூலி பேசும்போது "வேண்டாம்னா இந்திக்காரன் வரான்" என்று தோட்டத்தில் சொல்கிறார்களாம். கோபம் நியாயம்தான், ஆனால் அது திரும்ப வேண்டியது அப்படிச் சொல்கிறவர் பக்கம். கீழே ஊரிலும் ஓட்டல், கட்டட வேலை எல்லாவற்றிலும் அவர்கள் முகம் தெரிகிறது. அவர்களுக்கு வீடு வாடகைக்குத் தர மறுப்பவர்களின் தாத்தாவோ அப்பத்தாவோ மலைமேல் யாரோ ஒருவரின் லயத்தில் குளிர்காய்ந்தவராகத்தான் இருப்பார்.

கார்த்திகை பிறந்தால் இன்னொரு கூட்டம். சபரிமலைக்குப் போகும் வண்டிகள் இரவும் பகலும் ஊரைக் கடக்கும். நெரிசல் மிகும் நாட்களில் கம்பம்மெட்டு வழியாக ஏறி, குமுளி வழியாக இறங்கும்படி ஒருவழிப் பாதை ஆக்கிவிடுவார்கள். அவர்களுக்காகச் சுருளியில் குளிக்க வசதி, வழியில் தற்காலிகக் கழிப்பறை, அன்னதானம், குடிநீர், மருத்துவ முகாம் எல்லாம் ஏற்பாடாகும். நல்ல காரியம். இரண்டு மாதம் வந்து போகிற சாமிமார்களுக்குச் செய்ய முடிகிறது என்றால், வருடம் முழுக்கப் போய்வருகிற நம் ஊர்ப் பெண்களுக்கும் செய்ய முடியும். பொறுப்பில் இருக்கிறவர்களிடம் நான் கேட்பது மூன்றுதான். ஜீப்புக்குக் காத்து நிற்கும் இடங்களில் ஒரு கூரையும் தண்ணீர் வசதியுள்ள ஒரு கழிப்பறையும் வேண்டும். காலை ஐந்து மணிக்குத் தோட்ட வழிகளில் ஏறி மாலையில் இறங்கும் பேருந்துகளை இரு மாநிலமும் பேசி விட வேண்டும். லோயர் கேம்ப் மணிமண்டபத்தில் அந்த 483 பேருக்கு ஒரு கல் நட வேண்டும்.